கப்பற்காலக் கணக்கு

சிவக்கொழுந்து ரீச்சருக்கு வந்து கலைந்த சம்பந்தத்தை வைத்துத்தான் சாம்பல்தீவில் அவரை அடையாளம் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் நிலாவெளியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு இருபத்தேழு வயது என்றார் தகப்பன். கொஞ்ச நேரத்தில், வேறு ஏதோ கதையில், பெரிய புயல் அடித்த வருஷம் இவன் ஓடித் திரிந்தவன் என்று பெருமையாகச் சொன்னார். குசினியில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்த சிவக்கொழுந்து, "அப்ப முப்பத்துமூண்டு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய மெதுவான குரலே முற்றம் தாண்டிக் கேட்கும். வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லி எழும்பிவிட்டார்கள். அது வைகாசி மாதம். வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை.

மறு வருஷம், ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிய அதே மாதம், கடற்கரைப் பக்கமிருந்த பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்புக்கு அவரை நியமித்தார்கள். நீளமான ஒரே கொட்டில். நடுவில் ஓலைத்தட்டி. இந்தப் பக்கம் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் இருபத்தேழு பேர். அந்தப் பக்கம் தலைமையாசிரியர் ஞானசேகரத்தின் ஐந்தாம் வகுப்பு. ஒரு மாதத்துக்குள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அரிவரிப் பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்புவிக்கத் தொடங்கினார்கள். ரீச்சரின் குரல் அப்படி.

ஞானசேகரம் நல்ல மனிதர். பாம்புக்குப் பயமில்லை, பேய்க்குப் பயமில்லை. கடதாசிக்குத்தான் பயம். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால் முகம் கழுவித் திருநீறு பூசிய பிறகுதான் உறையைப் பிரிப்பார்.

1941 தை மாதம் அவர் இரண்டு தரம் முகம் கழுவவேண்டி வந்தது. வந்தது ஒரு சுற்றுநிருபமும் ஒரு புத்தகமும். அனுப்பியவர் அந்தப் பகுதியின் வித்தியாதரிசி வீரசிங்கம். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுவது அவருடைய உத்தியோகம். அதற்கு முதல் மாதம் கொழும்பில் மூன்று வாரம் பயிற்சிக்குப் போயிருந்தார். போகும்போது சாதாரண மனிதராகப் போனவர், வரும்போது ஒரு கொள்கையோடு வந்தார். கொள்கையின் பெயர் பருவகாலக் கணிதம்.

சுற்றுநிருபம் இப்படிச் சொன்னது: "பாலர் வகுப்புப் பிள்ளைகள் எண்களைப் பலகையில் மட்டும் கற்பது பழைய முறை. இனிமேல் அந்தந்தப் பருவகாலத்தில் தங்களைச் சூழக் காணப்படும் பொருட்களை நாள்தோறும் அவதானித்து, எண்ணி, படமாகப் பதிந்து கணிதம் பயில வேண்டும்."

சிவக்கொழுந்து இதை வாசித்து மகிழ்ந்துபோனார். ஒரு மேலதிகாரி இவ்வளவு புத்தியாக எழுதியதை அவர் அதுவரை கண்டதில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்தார். இங்கிலாந்தில் அச்சடித்த வர்ணப் புத்தகம். நாலு பருவங்கள் இருந்தன. வசந்தத்தில் மஞ்சள் பூக்களை எண்ண வேண்டும். கோடையில் மணல்வாளி. இலையுதிர் காலத்தில் சிவந்த இலைகள். தை மாதத்துக்கு உரியது பனிக்காலம். அதில் வெண்பனியால் செய்த ஒரு மனிதன் கழுத்தில் சால்வையோடு நின்றான். அவனுடைய வயிற்றிலிருந்த பொத்தான்களைப் பிள்ளைகள் கூட்டவும் கழிக்கவும் வேண்டும்.

வெளியே வாடைமழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரை ஏழு இடத்தில் ஒழுகியது.

"சேர், இஞ்ச பனி எங்கையிருக்கு?" என்று கேட்டார் சிவக்கொழுந்து.

"இல்லைத்தான்," என்றார் ஞானசேகரம். "ஆனால் சுற்றுநிருபத்திலை இருக்கு. நீங்கள் ஏதாவது செய்து காட்டுங்கோ ரீச்சர். தரிசி ஐயா அடுத்த கிழமை வாறாராம்."

ரீச்சர் தன் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு தலையணையை எடுத்துவந்து பிரித்தார். இலவம்பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உருட்டி, மூன்று முழ உயரத்தில் ஒரு உருவம் செய்தார். பொத்தானுக்குப் புளியங்கொட்டை. சால்வைக்கு அண்ணனின் துவாய்.

வீரசிங்கம் வெள்ளைக் காற்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் நடந்து வந்தார். உருவத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிள்ளைகளிடம் திரும்பி, "இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார்.

முன்வாங்கிலிருந்து உம்மு குல்சும் எழும்பினாள். தகப்பன் உப்பளத்தில் வேலை செய்தவர். "உப்பு ஐயா" என்றாள்.

"உப்பு இல்லை. இது பனி. சீமையிலே வானத்திலிருந்து இப்படி வெள்ளையாக விழும்."

உம்மு குல்சும் யோசித்தாள். "அப்ப அங்க வாப்பாமாருக்கு என்ன வேலை ஐயா?"

வீரசிங்கம் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடற்பக்கமிருந்து ஒரு வாடைக்காற்று அடித்தது. மேலே காய்ந்திருந்த பஞ்சு கிளம்பி வகுப்பறை முழுவதும் பறந்தது. பிள்ளைகள் துள்ளித் துள்ளிப் பிடித்தார்கள். தரிசி ஐயாவின் மீசையில் கொஞ்சம் ஒட்டியது. அன்று மாலை அவர் எழுதிய அறிக்கையில், "பனிப்பொழிவு மிகவும் தத்ரூபமாக அமைந்திருந்தது" என்று இருந்தது.

சிவக்கொழுந்து அதோடு நிற்கவில்லை. மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். இந்த ஊரில் வாடைக்காலம், கரைவலைக்காலம், பாலைப்பழக்காலம், கச்சான்காலம் என்று நாலு பருவங்கள் இருக்கின்றன, அவற்றை வைத்துக் கணக்குப் படிப்பிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "முன் அனுமதியின்றிப் பருவகாலங்களை மாற்றுதல் ஆகாது. அனுமதிக்கான விண்ணப்பப் படிவம் தற்போது கைவசம் இல்லை."

"பாத்தீங்களே, படிவம் வரட்டும்" என்றார் ஞானசேகரம்.

படிவம் வரும்வரைக்கும் பிள்ளைகள் வளராமல் இருக்கப்போவதில்லை என்று ரீச்சர் முடிவு செய்தார். தரிசி வரும் நாளுக்கு மட்டும் பனியும் சிவந்த இலையும். மற்ற நாட்களில் தன் பருவங்கள்.

கரைவலைக்காலம் வந்தது. கடற்கரைக்குக் கூட்டிப்போய் வலை இழுப்பவர்களை இரண்டு பக்கமும் எண்ணவைத்தார். வடக்குக் கயிற்றில் பதினொரு பேர், தெற்குக் கயிற்றில் ஒன்பது பேர் என்றால், எத்தனை பேர் இடம் மாறினால் இரண்டு பக்கமும் சரிவரும்? பிள்ளைகள் உரக்க விவாதிப்பதைக் கேட்டு ஒருவர் தானாகவே வடக்கிலிருந்து தெற்குக்கு மாறினார். ஆனியில் பாலைப்பழம். பத்துப் பழம் கொடுத்து மூன்றைத் தின்னச் சொன்னால் மிச்சம் எத்தனை? எல்லாரும் பூச்சியம் என்றார்கள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கச்சான் காற்றில் உதிர்ந்த பூவரசம் இலைகளைப் பத்துப் பத்தாக ஈர்க்கில் குத்தினார்கள். மறுபடி மழை வந்ததும் ஒழுக்குக் கணக்கு. ஏழு ஒழுக்கு, ஐந்து சட்டி, இன்னும் எத்தனை சட்டி வேண்டும்? ஒரு பிள்ளை வீட்டில் போய்க் கேட்க, தாய் இரண்டு சட்டி கொடுத்தனுப்பினார். விடை கையோடு வந்து சேர்ந்தது.

ஐந்தாவது பருவம் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்தது. 1941 மார்கழியில் யப்பானும் யுத்தத்தில் இறங்கியபின், துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் வெளிக்கடலில் அதிகமாகத் தெரிந்தன. சீனன்குடா விமானத்தளத்திலிருந்து கிளம்பும் பிளேன்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலாலேயே போயின. ஒருநாள் காலை உம்மு குல்சும் வந்து, "ரீச்சர், இது இப்ப கப்பல்காலம்" என்றாள்.

"அப்பிடி ஒரு காலம் இருக்கோ?"

"ஓம். மீன் மாதிரித்தான். வருகுது, போகுது."

இதில் ரீச்சரால் பிழை காண முடியவில்லை. ஒரு சீமெந்துப் பையைப் பிரித்துச் சுவரில் ஒட்டினார்கள். பெரிய கப்பலுக்குப் புளியங்கொட்டை, சின்னதுக்குக் குன்றிமணி, பிளேனுக்கு வேப்பங்கொட்டை. விளாம்பிசின் பூசி ஒவ்வொரு நாளும் ஒட்டினார்கள். கிழமைக்கு ஒரு வரிசை. பத்துச் சேர்ந்ததும் சுற்றிவரக் கரியால் ஒரு வட்டம். மாசி முடிவதற்குள் பிள்ளைகள் நூறு வரைக்கும் போய்விட்டார்கள். ஞானசேகரத்தின் ஐந்தாம் வகுப்பில் சிலர் இன்னும் அங்கே போகவில்லை.

பங்குனியில், கொட்டிலைப் பண்டசாலையாக எடுக்கலாமா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி வந்தார். இளம் வயது. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கூட மொழிபெயர்ப்பாளராக மூதூர்க்காரர் ஸைனுலாப்தீன். அதிகாரி நீளம் அளந்தார், அகலம் அளந்தார், சுவருக்கு முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். சட்டைப்பையிலிருந்து தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்துப் பென்சிலால் எதையோ வெட்டித் திருத்தினார். பிறகு சீமெந்துக் கடதாசியைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தார்.

மறுநாள் லொறி வந்தது. ரீச்சரையும் தலைமையாசிரியரையும் பட்டணத்துக் கடற்படைக் கந்தோர் ஒன்றுக்கு ஏற்றிப்போனார்கள். ஞானசேகரம் ஒரு குடை, ஒரு பொட்டலம் திருநீறு, பதினாறு வருஷத்துச் சுற்றுநிருபக் கோவைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஏறினார்.

மேசையின் மேல் சீமெந்துக் கடதாசி விரித்திருந்தது. இரண்டு கொட்டை உதிர்ந்து போயிருந்தன. உதிர்ந்தவற்றைத் தனியாக ஒரு உறையில் போட்டு முத்திரையிட்டிருந்தார்கள்.

"துரை கேக்கார், கப்பல எண்ணச் சொன்னது ஆர் எண்டு" என்றார் ஸைனுலாப்தீன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. பிள்ளையள் தாங்களா எண்ணினவை. நான் பத்துப் பத்தாக் கட்டத்தான் சொன்னனான்."

"பத்துப் பத்தாக் கட்டுறதெண்டா என்ன எண்டு கேக்கார்."

ரீச்சர் விளக்கினார். ஒன்றாமிடம், பத்தாமிடம், ஒன்பதுக்குப் பிறகு என்ன நடக்கிறது எல்லாவற்றையும் அரிவரிக்குச் சொல்வதுபோலவே சொன்னார். மேசையிலிருந்த பென்சில்களையும் துணைக்கு எடுத்தார். அதிகாரி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டார்.

"எண்ணினத ஆருக்குக் குடுத்தீங்க?"

"அடுத்த வகுப்புக்கு. அவைக்குக் கழித்தல் இருக்கு."

ஸைனுலாப்தீன் அதை மொழிபெயர்க்காமல் ரீச்சர் பக்கம் திரும்பினார். "ரீச்சர், கழித்தல் எண்டத நான் இங்கிலீசில செல்லக்குள்ள கப்பல இல்லாமலாக்கிறது எண்ட மாதிரி வரும். வேற சொல்லு ஒண்டு தாங்க."

வேறு சொல் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஞானசேகரம் கோவையைப் பிரித்துச் சுற்றுநிருபத்தை மேசையில் வைத்தார். சூழக் காணப்படும் பொருட்களை நாள்தோறும் அவதானித்து, எண்ணி, படமாகப் பதிய வேண்டும். கீழே வீரசிங்கத்தின் கையொப்பம். ஸைனுலாப்தீன் அதை மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அதிகாரியின் உரிந்த மூக்கு மேலும் சிவந்தது.

அன்று பின்னேரமே வீரசிங்கத்தைக் கூட்டிவந்தார்கள். அவர் மூச்சிரைக்க, தான் கப்பலை எண்ணச் சொல்லவேயில்லை, பனியைத்தான் எண்ணச் சொன்னேன் என்று இங்கிலீசில் சத்தியம் செய்தார். ஆதாரமாகப் புத்தகத்தையும் நீட்டினார்.

அதுதான் வினையானது. அதிகாரி புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். இன்னொரு அதிகாரியை அழைத்துக் காட்டினார். இருவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். திருகோணமலையில், இந்த வெயிலில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு வெண்பனியைப் பற்றிப் படிப்பிக்க நேர்மையான காரணம் எதுவும் இருக்க முடியாது என்பது அவர்களுடைய முடிவு. ஆகவே பனி என்பது ஒரு சங்கேதச் சொல்.

"பனிமனிசன் எண்டா எந்தக் கப்பல் எண்டு கேக்கார் ஐயா" என்றார் ஸைனுலாப்தீன். வீரசிங்கத்தின் இங்கிலீசு அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

"அது கப்பல் இல்லை. பனியாலே செய்த மனிதன்."

"மூணு பொத்தான் எண்டா?"

"மூன்று பொத்தான்தான்."

"போன வருசம் தை மாதம் மூணு பொத்தான் படிப்பிச்ச கிழமை மூணு கப்பல் வந்திருக்காம்."

வீரசிங்கம் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். பனி என்பது பனியே, இலை என்பது இலையே, மஞ்சள் பூ என்பதில் வேறு அர்த்தம் எதுவும் இல்லை என்று ஒரு சத்தியக்கடதாசியில் அவர் கையெழுத்து வைக்க வேண்டியதாயிற்று. "ஏன் படிப்பிச்சனீங்கள் எண்டு கேட்டால் நாங்கள் என்ன சொல்லுறது ஐயா?" என்று சிவக்கொழுந்து பக்கத்திலிருந்து கேட்டார். உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்.

மூவரையும் விட்டுவிட்டார்கள். ஒரு கிழமை கழித்துப் புதிய சுற்றுநிருபம் வந்தது. யுத்தம் முடியும்வரை கரையோரப் பாடசாலைகளின் பாலர் வகுப்புகளில் கண்ணால் காணப்படும் பொருட்களை எண்ணுதல் தடை செய்யப்படுகிறது. எதிரிக்குப் பயன்படாத பொருட்களை மட்டும் எண்ணலாம். பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது: வெண்பனி, சிவந்த இலை, மஞ்சள் பூ.

ஞானசேகரம் அதை இரண்டு வகுப்புக்கும் உரத்து வாசித்தார். "எண்ணினால் லொறி வரும்" என்று தன் பங்குக்கும் ஒரு வரி சேர்த்தார். பிள்ளைகள் லொறியைக் கண்ணால் கண்டவர்கள். அன்றிலிருந்து அரிவரியில் ஒருவரும் விரல் மடக்கவில்லை. ஒரு பையனிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, சொல்லக் கூடாது என்றான். சிவக்கொழுந்துக்கு அதுவரை வந்த கோபங்கள் எல்லாம் சிரிப்பில் முடிந்தவை. இந்தக் கோபம் சிரிப்பில் முடியவில்லை. அன்று பின்னேரம் வெறுமையான சுவருக்கு முன்னால் தனியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

சித்திரைப் புதுவருஷத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது கொழும்பில் குண்டு விழுந்த சேதி வந்தது. பட்டணத்துச் சனம் மூட்டை கட்டத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகள் குறைந்தார்கள். ஏப்ரல் ஒன்பதாம் திகதி காலை மணி அடிப்பதற்கு முன் அரிவரியில் வந்திருந்தவர்கள் பதினாலு பேர். புத்தகப்பைகள் வாங்கில் வரிசையாக இருந்ததை ரீச்சர் பார்த்தார்.

முதலில் இரைச்சல் கேட்டது. பிறகு சீனன்குடாப் பக்கமிருந்து நிலம் அதிர்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பனைகளுக்கு நடுவே வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் ரீச்சர் பிள்ளைகளைத் தள்ளினார். ஞானசேகரம் ஏற்கெனவே உள்ளே இருந்தார். கோவைகளும் இருந்தன. மண் சரிந்து தூசி எழும்பியது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்து அழுதார்கள்.

"வரிசையா எண்ணுங்கோ" என்றார் ரீச்சர். "ஒண்டிலை தொடங்குங்கோ."

ஒருவரும் தொடங்கவில்லை.

"எண்ணுங்கோ பிள்ளையள்."

"எண்ணப்படாது ரீச்சர்," என்றது இருட்டிலிருந்து ஒரு குரல். "லொறி வரும்."

ஞானசேகரம் தலையைக் குனிந்துகொண்டார். ரீச்சர் தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். பதின்மூன்று. தொட்ட தலையையே மறுபடி தொட்டேனோ என்று திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினார். பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றை அவர் பின்னாளில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

"குல்சும் எங்க?"

ஒருவருக்கும் தெரியவில்லை. ரீச்சர் வெளியே ஏறினார். "ரீச்சர், உத்தரவு இல்லாமல்..." என்று ஞானசேகரம் தொடங்கினார். பிறகு அந்த வசனத்தை விட்டுவிட்டுத் தானும் பின்னால் ஏறினார். அவர் வாழ்க்கையில் கடதாசி இல்லாமல் செய்த முதல் காரியம் அதுவாக இருக்கலாம். பனைகளைத் தாண்டி இருவரும் ஓடினார்கள். தெற்கே கரும்புகை எழுந்து கடலுக்கு மேல் சாய்ந்திருந்தது. மணல்திட்டில், தாழம்புதருக்குப் பக்கத்தில், உம்மு குல்சும் வானத்தைப் பார்த்தபடி நின்றாள். ரீச்சர் அவளை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினார்.

குழிக்குள் வந்தபிறகுதான் அவள் கையை விரித்தாள். உள்ளே மூன்று சிப்பி. "பத்துக்கு ஒரு சிப்பி ரீச்சர். மூண்டு பத்து. பிறகு நாலு. அதுக்குள்ள நீங்க தூக்கிட்டீங்க."

ஞானசேகரம் மூச்சு வாங்கிக்கொண்டே, "அதை ஒருத்தருக்கும் சொல்லாதை மகள்" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஸைனுலாப்தீன் சைக்கிளில் வந்தார். தனியே வந்தார். ஊர் பாதி காலியாகியிருந்தது. ரீச்சர் அண்ணன் குடும்பத்தோடு பன்குளம் பக்கம் போக வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், ஒரு உதவி. வடக்கால வந்த பிளேன் எத்தன எண்டு கந்தோரில கணக்கில்ல. ஒராள் எட்டெண்டார். இன்னொராள் முன்னூறெண்டார். துரைக்கு இண்டைக்கு எழுதிக் குடுக்கணும். உங்கட பிள்ளைகள் ஆரும்..."

"கரையோரப் பள்ளிக்கூடங்களிலை எண்ணுறது தடை" என்றார் சிவக்கொழுந்து.

ஸைனுலாப்தீன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அந்தத் தடய நாந்தான் தமிழில எழுதினன். எனக்கும் பிள்ளைகள் இரிக்கி ரீச்சர்."

ரீச்சர் அவரைப் பார்த்தார். அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பையில் பிள்ளைகளின் உடுப்பு இருந்தது. குடும்பத்தை மூதூருக்கு அனுப்பிவிட்டு, உடுப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவகாசம் கிடைக்காமல் திரிந்திருக்கிறார். "முப்பத்துநாலு," என்றார் ரீச்சர். "அதுக்கு மேலையும் வந்திருக்கும். எண்ணின ஆளை நான் இடையிலை தூக்கிப்போட்டன்."

ஸைனுலாப்தீன் எழுதிக்கொண்டார். யார் எண்ணியது என்ற கட்டத்தில் "நம்பத்தகுந்த அவதானி" என்று போட்டார். அந்த அவதானிக்கு அப்போது ஆறு வயது. முன்பல் இரண்டு இல்லை.

பன்குளத்தில் ரீச்சர் நாலு மாதம் இருந்தார். அகதிகளாக வந்த பிள்ளைகளைச் சேர்த்து மரத்தடியில் வகுப்பு வைத்தார். அங்கே யாரும் எதையும் தடை செய்யவில்லை, ஏனென்றால் அங்கே ஒரு வித்தியாதரிசியும் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது சாம்பல்தீவுக் கொட்டிலில் கடற்படையின் மா மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். வாசலில் ஒரு கடிதம் காத்திருந்தது. சூழலை அளவுக்கு மிஞ்சி அவதானித்த குற்றத்துக்காக அவரை இறக்கக்கண்டிக்கு மாற்றியிருந்தார்கள். இறக்கக்கண்டியில் பள்ளிக்கூடம் என்று சொல்ல ஒரு கிடுகுக்கூரையும் பதினாலு பிள்ளைகளும்தான். ஞானசேகரம் மட்டும் அங்கே நடந்துபோய், தன் ஐந்தாம் வகுப்பின் கரும்பலகையை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கு அனுமதி கேட்டாரா என்று ரீச்சர் விசாரிக்கவில்லை.

வீரசிங்கத்துக்கு 1944இல் பதவி உயர்வு கிடைத்தது. யுத்தகாலத்தில் பாடசாலைகளின் பாதுகாப்பைப் பேணியதற்காக என்று காரணம் எழுதியிருந்தார்கள். பிரியாவிடைக்கு ரீச்சரையும் அழைத்துப் பேசச் சொன்னார்கள். "ஐயா எங்களுக்குத் தந்த வேலையாலை, தராத வேலையெல்லாம் செய்யப் பழகினனாங்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். வீரசிங்கமும் தட்டினார்.

யுத்தம் முடிந்த வருஷம் சாம்பல்தீவுக் கொட்டில் மறுபடி பள்ளிக்கூடமானது. ரீச்சரைத் திரும்பிவரச் சொல்லிக் கட்டளை வந்தது. அதற்குள் இறக்கக்கண்டியில் பிள்ளைகள் நாற்பத்தாறு பேர் ஆகியிருந்தார்கள். ஊர் விடவில்லை. ரீச்சரை மாற்றக் கூடாது என்று மனு எழுதி, கையெழுத்து வராதவர்கள் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள். மனுவைக் கந்தோருக்குக் கொண்டுபோகுமுன் ரீச்சரிடம் காட்ட வந்தவர் கரைவலைக்காரர் முருகேசு. அவருடைய இரண்டு பெண்பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

ரீச்சர் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அறுபத்திரண்டு அடையாளம். அதில் ஐந்து அடையாளங்களில் ஒரே தழும்பு குறுக்காக ஓடியது. வலைக்கயிறு அறுத்த தழும்பு.

"முருகேசு அண்ணை, நீங்கள் எத்தினை பேர்?"

"ஒராள்தான் ரீச்சர்." முருகேசு பெருவிரலை மடக்கிக்கொண்டார். "மனுசி, ரெண்டு பிள்ளையள், மனுசியின்ரை தாய். அவையின்ரை விரலும் வைச்சதுதான். மையிலை வடிவா விழேல்லை. அதாலை அவைக்காகவும் நான் வைச்சனான். கள்ளம் இல்லை. வீட்டிலை கேட்டுப்போட்டுத்தான் வைச்சனான்."

"அப்ப உண்மையான கணக்கு அம்பத்தெட்டு. பிடிச்சினமெண்டால் முழு மனுவும் பொய் எண்டு எறிஞ்சுபோடுவினம்."

"அங்க ஆர் ரீச்சர் இதை எண்ணிப் பாக்கப் போறது?"

சிவக்கொழுந்து யோசித்தார். அவர் அறிந்த கந்தோர்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். பிறகு கடதாசியை மடித்து முருகேசுவின் கையில் கொடுத்தார்.

"வெயிலுக்கு முதல் கந்தோருக்குப் போட்டு வாங்கோ" என்றார்.